லெட்சுமியின் ஊசி அட்டை

ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கே பள்ளிச் சமையற்கட்டில் கரண்டி பிடிக்க டைபாய்டு ஊசி போட்ட அட்டை வேண்டும். எங்கள் சமையல்காரர் லெட்சுமியின் அட்டையை ஒளித்து வைத்தவன் நான். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், ஸ்கூடாயில் ஒரு தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு அப்போது மேலாளர். சுகாதாரச் சோதனைக்கு வந்தவர்களிடம், பலமுறை கேட்டும் அவர் கொண்டுவரவில்லை என்று சொன்னேன். அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. லெட்சுமி என்னையே பார்த்தார். அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன்.

காரணம் பொறாமை. திருச்சியில் கேட்டரிங் பட்டம் பெற்றுக் கடல் கடந்தவன் நான். அவர் இங்கேயே செடெனாக் பக்க ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்போடு நின்றவர். பத்தேகாலுக்கு இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் என் தயிர்சாதத்தைத் தாண்டி அவருடைய நாசி லெமாக்குக்கு ஓடுவார்கள். தேங்காய்ப்பால் சோறு, மேலே நெத்திலிச் சம்பல், அவ்வளவுதான்.

"அக்கா, சம்பல் கூட போடுங்க லா!"

ஒரு சிறுமி என் பாத்திரத்தை எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "அலமாக், ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு அங்கிள்!"

"ஏய், அப்படிலாம் சொல்லாத. அங்கிள் பாவம்" என்றார் லெட்சுமி. அந்தப் பரிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் போன பிறகும் வரிசை என் பக்கம் திரும்பவில்லை. "அக்கா எப்ப வருவாங்க?" என்றே கேட்டார்கள். சில மாதங்களில் செய்தி வந்தது: லெட்சுமி விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் தட்டு கழுவுகிறார். இந்த மண்ணில் பிறந்தவரை நான் புலம்பெயர வைத்திருந்தேன். மறுநாள் தலைமையாசிரியையிடம் அட்டையைக் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். என் வேலை போயிற்று. பள்ளி அழைத்தும் லெட்சுமி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். அட்டைய உங்க கையிலதானே குடுத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க படிச்சவரு. என்னைய யாரு நம்புவா?"

திரும்பி வரும்படி கெஞ்சினேன்.

"அங்க ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு சார். யாரும் அக்கான்னு கூப்பிடறதில்ல. பத்தேகால் ஆனா மட்டும் கை தானா நின்னுடும். கழுவுற தட்ட அப்படியே பிடிச்சிட்டு நிப்பேன்."

தேநீர் கொடுத்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

மகன் திருச்சிக்கு வந்துவிடச் சொல்கிறான். நான் இன்னும் பள்ளிக்குப் பின்தெருவில்தான் இருக்கிறேன். பத்தேகாலுக்கு மணி கேட்டதும் என் கையும் நின்றுவிடுகிறது. நீரிணைக்கு அப்பால் இன்னொரு கை நின்றிருக்கும். இப்போதும் எனக்குப் பொறாமைதான். அந்த மணி அவரைத்தான் கூப்பிடுகிறது.