கால் முன்னே பிறந்தவள்

மிதிப்பதற்கு முன்னால் அன்னக்கொடி குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கீழே குப்புறக் கிடப்பவர் வயதில் மூத்தவராக இருந்தால், "தப்பா எடுத்துக்கிராதீக" என்று ஒரு வார்த்தையும் சொல்வாள். பிறகு வாசல் நிலையின் இரண்டு பக்கச் சட்டங்களையும் பற்றிக்கொண்டு, பாதத்தை அவர் இடுப்பில் வைத்து அழுத்தி எடுப்பாள். உடம்பின் பாரமெல்லாம் கையில்தான் இருக்கும். மிதி என்று பெயரே தவிர, பூனை நடந்து போன மாதிரிதான் இருந்தது என்பார்கள் வாங்கியவர்கள்.

வண்டியூரில் யாருக்காவது திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனால், முதலில் வந்து நிற்பது அவள் வாசலில்தான். அவள் தலைக்குப் பதில் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அதற்கு முறையும் உண்டு. நிலைப்படியில் சாக்கை மடித்துப் போட்டு, தலை வீட்டுக்குள்ளும் கால் தெருவிலுமாகக் குப்புறப் படுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே படுத்தால் பலிக்காது.

எந்தக் கால் முதலில் வந்தது என்பதுதான் அவளுக்கு இன்றுவரை விளங்காத சங்கதி. பிறந்த கதையை அம்மாவிடம் எத்தனையோ முறை துருவிக் கேட்டிருக்கிறாள். "நான் செத்துப் பொழச்சுக் கெடந்தேன், எந்தக் காலுன்னு எவ கண்டா?" என்று அம்மா கையை விரித்துவிட்டாள். அதனால் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிப்பது அன்னக்கொடியின் வழக்கம். "ரெண்டுல ஒண்ணுதான வந்திருக்கும்" என்பாள்.

அந்தக் கால்களுக்கு அரிசி மில்லிலும் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலாலேயே துழாவிக் காய வைப்பாள். பாதம் இரண்டும் காய்த்துப்போய்ப் பலகை போல இருக்கும். ஆனாலும் வீட்டைவிட்டு இறங்கினால் ரப்பர் செருப்பு இல்லாமல் நடக்க மாட்டாள். தெருவில் வேறு பெண்கள் யாரும் செருப்புப் போடாத காலம் அது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள், "கலெக்டரம்மா கெளம்பிட்டாக" என்று கேலி செய்வாள். "கண்டதை மிதிச்ச காலோட நாலு பேர் முதுகுல ஏறலாமாக்கும்?" என்பாள் இவள்.

வந்தவரை உடனே படுக்கச் சொல்லிவிடவும் மாட்டாள். எப்படிக் குனிந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், அப்போது தும்மினீர்களா என்று கதை கேட்பது போலக் கேட்பாள். "காலு மரத்துப் போகுதா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று கூச்சமில்லாமல் விசாரிப்பாள். கோளாறாகத் தெரிந்தால், "இது ஏங்கிட்டத் தீராது, பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மிதி முடிந்ததும் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்வாள். கயிற்றுக் கட்டிலில் படுக்கக் கூடாது, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துத் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும், அதற்காக நாள் முழுக்கவும் கிடக்கக் கூடாது, அவ்வப்போது எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். குணமானது மிதியாலா, உப்பாலா, இல்லை தானாகவே ஆகியிருக்குமா என்று அவளுக்கே ஒரு சந்தேகம் உண்டு. அதை வெளியில் சொன்னதில்லை.

"அன்னக்கொடிகிட்ட மிதி வாங்காத ஆம்பளை இந்தத் தெருவுல காளையண்ணன் ஒருத்தர்தான்" என்று பஸ் கண்டக்டர் மருது ஒருநாள் சொல்லப்போக, தெருவே சிரித்தது. காளை அவள் புருஷன். அதே மில்லில் நெல் மூட்டை தூக்குகிறவர். அவருக்கும் சிரிப்பு வந்தது. தனக்கெல்லாம் இடுப்புப் பிடிக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிடித்தது. அதுவும் மூட்டை தூக்கும்போது இல்லை. காலையில் பல் விளக்கக் குனிந்து பல்பொடி டப்பாவை எடுத்தவர், எடுத்தபடியே நின்றுவிட்டார். மறுநாள் மேலூரிலிருந்து மூத்த மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். தகப்பன் எழுந்து நின்று தட்டு மாற்ற வேண்டும். முன்பு ஒரு சம்பந்தம், தட்டு மாற்றும் நேரத்தில் யாரோ தும்மினார்கள் என்பதற்காகவே கலைந்து போயிருந்தது. தகப்பன் தரையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் இவர்கள் என்ன சொல்வார்களோ என்று அன்னக்கொடி பயந்தாள்.

பகல் முழுக்க உப்பு ஒத்தடம். கொஞ்சம் இளகியதே தவிர நிமிர முடியவில்லை. கால் முன்னே பிறந்தவர் அனுப்பானடியில் இன்னொருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினாள். அவர் பழனிக்கு நடந்து போயிருந்தார்.

பொழுது சாயும்போது காளையே வாயைத் திறந்தார். "சரி, கதவைச் சாத்திட்டு மிதி."

"நிலைப்படியிலதான படுக்கணும்? கதவை எப்படிச் சாத்துறது? தெருவுல கெடக்குற உங்க காலை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அப்ப வேணாம். பொண்டாட்டிகிட்ட மிதி வாங்குனவன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், பெறகு மில்லுல எவன் என்னைய மதிப்பான்?"

அவள் மறுபடி உப்பை வறுக்கப் போனாள். சொல்லப்போனால் அவர் மறுத்தது அவளுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. ஊரார் முதுகில் எல்லாம் கால் வைத்தவள்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, நீட்டிப் படுத்திருக்கும் அவர் காலை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள்.

விடிந்தது. அடுப்பில் கேசரிக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. மகள் புதுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டவும் மனமில்லாமல் எடுத்து வைக்கவும் மனமில்லாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காளை சுவரைப் பிடித்துக்கொண்டு, அரையாள் உயரத்துக்கு வளைந்தபடியே, வாசல் வரைக்கும் நகர்ந்து வந்தார். சாக்கைத் தானே இழுத்துப் போட்டு நிலைப்படியில் குப்புறப் படுத்தார்.

கோலம் போட்டுக்கொண்டிருந்த ராக்கம்மாள் மாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றாள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் திரும்பினார்கள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மருது துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்னக்கொடி நிலைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். காலைத் தூக்கினாள். அது அவர் இடுப்புக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. "என்னால முடியலங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இம்புட்டுப் பேரு பாக்குறாக."

"பாக்கட்டும்" என்றார் காளை.

தரையில் பதிந்திருந்த முகத்தைத் திருப்பாமலே, ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து துழாவி அவள் கணுக்காலைப் பிடித்தார். தெரு பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பாதத்தைத் தம் கையாலேயே இழுத்து, வலிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.