ஒரு பேர், இரண்டு கடதாசி

லண்டனில் பஸ்ஸுக்குள் ஆரும் ஆரோடும் கதைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் மயங்கி விழுந்தால்தான் முதல் வார்த்தை வரும். அப்படிப்பட்ட ஊரில், நான் ஓட்டுகிற பஸ்ஸின் முன் சீற்றில் ஒவ்வொரு காலையும் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்திருந்து போனைப் பெரிய சத்தத்தில் போட்டுவிடுவார். உள்ளே ஒரு அமெரிக்கக் குரல் கத்தும். எல்லை உடைஞ்சு போச்சாம், படையெடுப்பாம், நாடே போச்சாம். அந்த நேரம் பஸ் வெம்பிளியில் நிற்கும். மரக்கறிக் கடைக்காரர் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாண் துண்டைக் கடித்தபடி ஏறுவார்கள். ஒரு படையையும் காணோம். ஒருநாள் இறங்கும்போது அந்த மனிதர் என்னுடைய கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "உன்ரை வேலையைப் பிடுங்கத்தான் வருகினம், கவனமாயிரு" என்று இங்கிலிஷில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். நானும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பிள்ளைகளே, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மலருக்குப் பொங்கலைப் பற்றி எழுதித் தாங்கோ என்று ரீச்சர் கேட்டா. பொங்கலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு இப்போது வருவது கோபம் மட்டும்தான், ஆகவே அதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ரீச்சர் திருத்துவா. கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் கேட்கிற அந்தக் குரலை எனக்கு ஏற்கெனவே தெரியும். அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிற என் அண்ணை ஒரு பெற்றோல் அடிக்கிற ஷெட்டும் அதோடு சேர்ந்த கடையும் வைத்திருக்கிறார். நான் ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் அவருக்குப் பின்னால் அதே குரல் கத்திக்கொண்டிருக்கும். கடை ரீவியில் ஒரே ஒரு சனல்தான். காலையில் கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரைக்கும் அதுதான். கடைக்கு வெளியே பெரிய கொடி. அண்ணையின் தலையில், எல்லையைப் பூட்டச் சொல்லுகிற அந்தக் கட்சிக்காரரின் தொப்பி. குடும்பக் குரூப்பில் அவர் போடுகிற வீடியோக்களைப் பார்த்தால், அமெரிக்காவில் முட்டை விலை ஏறினதும் வீட்டு வாடகை ஏறினதும் எல்லைக்குள்ளால் வந்த ஏழைச் சனத்தால்தான் என்று நம்பிவிடுவீர்கள்.

இதே அண்ணை ஒரு காலத்தில் எப்படிச் செய்தி கேட்டவர் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்கு விளங்கும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பற்றறி வரவிடாது. கரண்டும் இல்லை. செய்தி கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லுச் சுழலும்படி மிதித்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரம் நான் மிதிப்பேன், அண்ணை றேடியோவைத் திருகுவார். மிதிப்பு நின்றால் குரலும் செத்துப்போகும். அதனால் ஒரு நிமிஷச் செய்தியையும் வீணாக்க ஏலாது. முதலில் கொழும்பு, பிறகு இந்தியா, பிறகு இயக்கத்தின் வானொலி, கடைசியில் லண்டன். ஒரு தாக்குதலுக்கு நாலு கணக்கு வரும். அயலவர் எல்லாம் சுற்றி நிற்பார்கள். எது உண்மை என்று அவர்கள் கேட்டால், அண்ணை உடனே பதில் சொல்ல மாட்டார். "ஆர் சொல்லுறான், ஆருக்குச் சொல்லுறான், என்னத்தைச் சொல்லாமல் விடுறான், அதைப் பாருங்கோ" என்பார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்த எங்கள் அப்பாகூட, அண்ணை சொன்ன பிறகுதான் நாளைக்குக் கடை திறப்பதா இல்லையா என்று முடிவெடுப்பார்.

அந்த மனிதர்தான் இன்றைக்கு ஒரு சனலை மட்டும் பார்த்துக்கொண்டு, தன்னைப்போல ஒருவனை உள்ளே தள்ளவேண்டும் என்கிறார்.

அந்த ஒருவன் கேதீஸ். எங்கள் சின்னம்மாவின் மகன், எங்களுக்குத் தம்பி முறை. பிறேசிலில் இறங்கி, காடு மலை எல்லாம் நடந்து, மெக்சிக்கோவால் அமெரிக்காவுக்குப் போய் அகதி கேட்டவன். கேஸ் முடியும் வரைக்கும் வேலை செய்யலாம் என்று கடதாசி கொடுத்தார்கள். அண்ணையின் கடையிலேயே கல்லாவில் நின்றான். சொன்ன தவணை நாளுக்கெல்லாம் குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான். போன மாதம் அப்படிப் போனவன் திரும்பி வரவில்லை. அங்கேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒளித்துத் திரிந்தவனைத் துரத்திப் பிடித்ததல்ல, பிள்ளைகளே. கூப்பிட்ட நாளுக்கு, தலையைச் சீவி இழுத்துவிட்டு, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு தானாகப் போனவன். எனக்கு அந்தப் பயம் தெரியும். இங்கே குரோய்டனில், அகதிக் கேஸ் பார்க்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்கு வெளியே நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். உள்ளே போனால் திரும்பி வருவேனோ தெரியாது என்று அறைச் சாவியைக் கூட இருந்த பெடியனிடம் கொடுத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போவேன்.

கேதீஸுக்கு வைத்த லோயர் கேட்டது ஒரே ஒரு கடிதம். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துச் சிற்றிசனான சொந்தக்காரர் ஒருவர், இவனை வெளியே விட்டால் என் வீட்டில்தான் இருப்பான், தவணைக்கு நான் கூட்டிவருவேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அங்கே எங்களுக்கு இருக்கிற ஒரே சிற்றிசன் அண்ணைதான். என் மகள் ஆரணி இங்கிலிஷில் கடிதத்தை ரைப் பண்ணி அனுப்பினாள். ஒரு கிழமை போயும் பதில் இல்லை. "பெரியப்பா ஏன் இன்னும் சைன் பண்ணேல்லை?" என்று அவள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே காலை, நான் ரெலிபோன் எடுத்தேன். பின்னால் வழக்கம்போல அந்தக் குரல்.

"அண்ணை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"சட்டம் எண்டால் சட்டம், தம்பி. அவன் காட்டுக்குள்ளாலை வந்தவன்."

"நீங்கள் என்ன, கலியாணக் காட் குடுத்து அழைச்சோ வந்தனீங்கள்?"

"நான் வந்த காலம் வேறை."

"வந்த பாஸ்போட்டும் வேறை ஆளின்ரை எல்லோ."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். முட்டை விலையைக் கேதீஸோ ஏத்தினவன் என்று கேட்டேன். வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போட்டது ஆர், அந்த வரியால் உங்கள் கடையில் சாமான் விலை ஏறினபோது உங்கள் சனல் அதைச் சொன்னதோ என்று கேட்டேன். பெரிய பணக்காரனுக்கு வரியைக் குறைத்துவிட்டு, ஏழைக்கு இன்னொரு ஏழையைக் காட்டி, உன்னுடைய காசைத் தின்றவன் இவன்தான் என்று சொல்வதுதான் அவர்களுடைய அரசியல். நான் நடுவில் நின்று கதைக்கவில்லை. மற்றக் கட்சிக்காரரும் உத்தமர் இல்லை. அவர்களும் ஆட்களைத் திருப்பி அனுப்பினவர்கள்தான், மெல்லிய குரலில் அனுப்பினார்கள். ஆனால் ஆட்களைப் பிடிப்பதை விளையாட்டுப் போட்டி மாதிரிப் படம் எடுத்துக் காட்டிக் கைதட்டு வாங்குகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். அந்தச் சனல்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் பெற்றோல் ஷெட்டில் நிற்பதில்லை.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னார்: "நீ பெரிய நியாயம் கதைக்கிறாய். உங்கடை ரோட்டு ஹொட்டேலை மூடச் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டு, குரூப்பிலை படம் போட்டது ஆர்?"

பிள்ளைகளே, அது உண்மை. இதை எழுதாமல் விட்டால் நானும் அந்தச் சனல் மாதிரித்தான். எங்கள் பெரிய ரோட்டில் ஒரு ஹொட்டேலில் அகதிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பின்னேரம் முன்வீட்டு மனுசி ஜோன் ஒரு மட்டையில் கடதாசியைச் செருகிக்கொண்டு வந்து கதவைத் தட்டினா. எங்களுக்கு ஜீபி டொக்டரிடம் அப்பொயின்ற்மென்ற் கிடைப்பதில்லை, அவங்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு, ஹொட்டேலை மூடச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனு அனுப்பப் போறோம் என்றா. நான் தயங்க, "உங்களைச் சொல்லேல்லை, நீங்கள் உழைக்கிறவர்" என்று என் தோளில் தட்டினா. இந்த ரோட்டில் பதினொரு வருஷமாக இருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒருவர் என்னைத் தங்களுடைய ஆள் என்று கூப்பிட்டார். நான் வடிவாக முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதைப் படமும் எடுத்து, "எங்களையும் மதிக்கினம்" என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். அந்த மாதம் முழுக்க நானும் போனில் ஒரே ஆட்களின் வீடியோக்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஹொட்டேல் வாசலில் நிற்கிற பெடியன்கள் பஸ்ஸில் ஏறினால் களவெடுப்பாங்களோ என்று கண்ணாடியால் அவர்களுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரெலிபோனில் அந்தக் குரல் மட்டும் கத்தியது. நான் கேட்டேன்: "அண்ணை, உந்தக் கதையை ஆர் சொல்லுறான், ஆருக்குச் சொல்லுறான்?" என்னத்தைச் சொல்லாமல் விடுறான் என்ற மூன்றாவதை நான் கேட்கவில்லை. ரீவிச் சத்தம் நின்றது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கடையை நான் சத்தமில்லாமல் கேட்டேன். சோடா வைக்கிற பிறிட்ஜ் ஒன்று உறுமியது. அண்ணை குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் கையெழுத்து வைக்க, அவங்கள் என்ரை பைலைத் திறந்தாங்கள் எண்டால்?"

இருபது வருஷத்துக்கு மேலாகச் சிற்றிசன். கடைக்கு முன்னால் கொடி. தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு. அந்த மனிதர், தான் அகதி கேட்டபோது சொன்ன கதையில் எது கூட எது குறைய என்று இன்றைக்கும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறார். அந்தத் தொப்பியை அவர் போட்டது கொள்கைக்காக என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையை மறைக்கத்தான் போட்டிருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் கோபம் போகவில்லை. பயந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதானே அந்த வாக்கைப் போட்டார்கள். பயந்துதானே நானும் ஜோனின் பேனையை வாங்கினேன். "அண்ணை, உள்ளை இருக்கிறவனுக்கு உங்களை விடப் பயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று பின்னேரமே முன்வீட்டுக்குப் போனேன். பெயரை வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். ஜோன் பதறிப்போய், ஆராவது உங்களை மிரட்டினவையோ என்று கேட்டா. இல்லை, இது என் தம்பியைப் பற்றின விஷயம் என்றேன். உங்கட தம்பி அந்த ஹொட்டேலிலோ இருக்கிறார் என்று முகம் வெளிறினா. இல்லை, அமெரிக்காவில் என்றேன். "ஓ, அமெரிக்காவோ" என்று பெருமூச்சு விட்டுத் தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டா. நல்ல மனுசிதான். கடைசி வரைக்கும் அவவுக்கு நான் வந்த காரியம் விளங்கவில்லை. கடதாசி கவுன்சிலுக்குப் போய்விட்டது, இனி எடுக்க ஏலாது என்று மட்டும் எனக்கு விளங்கியது. கவுன்சிலுக்கும் எழுதிப் பார்த்தேன். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் அண்ணையிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை. கல்லா மேசையில் வைத்துக் கடிதத்தைப் படம் எடுத்திருந்தார். கையெழுத்து வைத்திருந்தார். லோயர் அதைக் கோட்டில் நீதிபதியிடம் கொடுத்துவிட்டார். கேதீஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், வழக்குத் தவணை வர வேண்டும். அண்ணையின் தொப்பியும் இன்னும் தலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

என்னுடைய போனை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. அது நாள் முழுக்கத் தானாகக் கத்துகிறது. இப்போதெல்லாம் அது கத்தும்போது, இதை மிதித்துக்கொண்டிருப்பது ஆர் என்றுதான் யோசிக்கிறேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே அண்ணையின் பேர், அதற்குப் பின்னால் அப்பாவின் பேர்: நாகலிங்கம். எங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இருந்ததில்லை. இந்த நாடுகளின் படிவங்களில் அந்தப் பெட்டியை நிரப்பத்தான் இரண்டு பேரும் அப்பாவை எழுதினோம். ஆரணியின் பள்ளி வரவு இடாப்பிலும் அதே பேர்தான். அப்பா ஒரு கடலும் தாண்டாதவர். இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குக் பங்கீட்டுக் கூப்பன் காட் கேட்காமல் சங்கக் கடை அரிசியை அளந்து கொடுத்து, மேலிடத்தில் பேச்சு வாங்கினவர். இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு கோட்டில், இவனை வெளியே விடுங்கோ என்கிற கடதாசியில் அவருடைய பேர் இருக்கிறது. லண்டனில் ஒரு கவுன்சில் கந்தோரில், இவர்களை வெளியே போடுங்கோ என்கிற கடதாசியிலும் அவருடைய பேர் இருக்கிறது. அதை வடிவான எழுத்தில் எழுதினவன் நான்.