விடச் சொன்ன கயிறு

படகுத்துறைப் பட்டறையில் பாய் தைக்கும் அந்தப் பெண்ணைத் தையலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருட அனுபவம். தடித்த பாய்த்துணி மடிப்பில் ஊசியை ஏற்றி இறக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று குத்தும்.

அவள் கணவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். தைத்து முடித்த பாயைப் படகில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் நாட்களில் அவரும் தொற்றிக்கொள்வார். மனைவி சொன்னதைக் காதில் வாங்கியதாக மட்டும் சரித்திரம் இல்லை.

அன்றைக்கு ஒரு வக்கீலின் படகு. அதன் முன்பாய், கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும் வகை. அடியில் ஓர் உருளை. அதிலிருந்து வரும் கயிற்றை இழுத்தால் பாய் சுருளும். கயிறு நழுவினால் காற்று மொத்தப் பாயையும் பிரித்துவிடும். அதனால் இழுத்த கயிற்றை, இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய இரும்பில் எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றி இறுக்கிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மதியம் காற்று வலுத்தது. பாதிப் பாயைச் சுருட்டினால் போதும் என்றாள் தையலக்கா. கண்டக்டர் இழுத்தார், கட்டினார். பிறகு தான் கட்டியதையே உற்றுப் பார்த்தார். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறி அலங்கோலமாக இருந்தது. அழகாகக் கட்டலாமென்று அவிழ்க்க ஆரம்பித்தார். கடைசிச் சுற்றும் கழன்று, கயிறு அவர் கைப்பிடியில் மட்டும் நின்றபோதுதான் தையலக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அதை விடுங்க!"

விட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டார், அதுவும் அட்சரம் பிசகாமல்.

பாய் படாரென்று விரிந்தது. ஓடுகிற கயிற்றை வெறுங்கையால் பிடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தான் தைத்த பாய் கிழியப்போகிறதே என்ற பதற்றத்தில் வலது கையால் எட்டிப் பிடித்தாள். கயிறு கையையும் இழுத்துக்கொண்டு போய், தான் ஓடும் கப்பியில் மோத வைத்தது.

கரைக்குத் திரும்பும்போது கை துண்டுக்குள் இருந்தது.

"நீதானே விடச் சொன்ன?" என்றார் கண்டக்டர்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்."

"விடுங்கன்னுதான் என் காதுல விழுந்துச்சு."

"ஆமா, அப்படித்தான் சொன்னேன்" என்றாள். அதற்குமேல் சண்டை போட அதில் ஒன்றும் இல்லை.

இனி ஊசி பிடிக்க முடியுமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில், கட்டுப் பிரித்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். அன்றே சமையலறை மேசையில் ஒரு துண்டுப் பாய்த்துணியை விரித்து ஊசியை எடுத்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர மறுத்தன. ஊசி விழுந்தது. கண்டக்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. எடுத்தார். மூன்றாவது தடவை குனிந்தவர் மேசைக்கடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, கிடைச்சுதா?"

"ம்."

"அப்ப குடுங்க" என்று இடது கையை நீட்டினாள்.