டீச்சர், தம் கட்டாதீங்க!

போன செவ்வாய்க்கிழமை டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கையைச் சுற்றி பி.பி. பட்டை இறுகிக்கொண்டிருந்தது. நான் ஜம்மென்றுதான் இருந்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. உட்காருங்கள் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

விஷயம் இதுதான். பி.பி. இறங்கியிருந்தால் நான் தொடர்ந்து ஜிம்முக்குப் போகலாம். ஏறியிருந்தால்... டம்பெல்ஸுக்கு ஒரு பெரிய கும்பிடு. எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

சிரிக்காதீர்கள். ரிட்டயர்டு சோஷியல் டீச்சர், அறுபதைத் தாண்டியவள், காரைக்காலில் ஜிம்முக்குப் போனால் என்னவாம்? சுடிதாரில்தான் போகிறேன், போதுமா?

ஆரம்பித்து வைத்ததே டாக்டர்தான். என் பழைய மாணவி. வகுப்பில் ஓயாமல் பேசியதற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பெண். சில மாதங்களுக்கு முன் என் பி.பி.யைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வயதாக ஆக ரத்தக் குழாய் விறைத்துப் போகுமாம் — வெயிலில் கிடந்த தோட்டத்து ஹோஸ் மாதிரி. குழாய் வளைந்து கொடுக்காவிட்டால் உள்ளே ஓடும் ரத்தத்துக்கு அழுத்தம் கூடத்தானே செய்யும்?

தினமும் பீச்சில் நடக்கிறேனே என்று அலுத்துக்கொண்டேன். நடங்கள், கூடவே கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்கள் என்றார். விடாமல் செய்தால் நாளடைவில் பி.பி. கொஞ்சம் இறங்க வாய்ப்பு உண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாதாம்.

வீட்டுக்காரர் கேட்டதுமே வேண்டாம் என்றார். நான் விடுவேனா? சேர்ந்துவிட்டேன்.

முதல் வாரமே சறுக்கல். டம்பெல்ஸைப் பிடித்தேன், பல்லைக் கடித்தேன், தம் கட்டி ஒரே தூக்கு. நாமெல்லாம் அப்படித்தானே கேட்டுப் பழகியிருக்கிறோம்? தண்ணீர்க் குடமோ, கேஸ் சிலிண்டரோ... தம் கட்டித் தூக்கு என்றுதானே சொல்வார்கள்? கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லித் தொலைத்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"எங்க ஊரு சுரக்குடில எங்கண்ணன் நெல்லு மூட்டயத் தூக்குறப்பதான் சரிஞ்சாரு. அப்பறம் எழுந்திரிக்கவே இல்ல. உன்னயும் அப்புடிப் பாக்க எனக்குத் தெம்பு இல்லடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஒரு குடத்தைக்கூட இவர் என்னைத் தூக்கவிட்டதில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். நடந்ததைக் கேட்டவர், தம் கட்டினீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார். ஆமாம் என்றேன். அதுதான் தப்பாம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் அந்த நேரத்தில் பி.பி. சரேலென்று ஏறுமாம். எடையைக் குறைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டுமாம். மறந்துபோனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்.

"பேசிக்கிட்டே தூக்குங்க டீச்சர். பேசுறவங்களால தம் கட்ட முடியாது."

கேட்டீர்களா அநியாயத்தை? பேசியதற்காகப் பெஞ்சு மேல் நின்றவள், எனக்குப் பேச்சையே மருந்தாக எழுதுகிறாள்!

வீட்டுக்காரர் அரை மனதாகத் தலையாட்டினார். அடுத்த செக்கப் வரைக்கும்தான் என்று கண்டிஷன். அன்றிலிருந்து ஜிம்மில் என் குரல்தான். டம்பெல் மேலே போகும்போது பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். கீழே இறங்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வேன். ரொட்டி விலை... வரிச் சுமை... காலியான கஜானா... பக்கத்தில் ஸ்குவாட் போடும் பெண்கள் இப்போது எனக்கு முந்திக்கொண்டு சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் அவர்கள் புரட்சியால் ஒருத்திக்கு பி.பி. இறங்கினால் தப்பா என்ன?

அப்படித்தான் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை.

பட்டை தளர்ந்தது. டாக்டர் நம்பரைப் பார்த்தார். இன்னொரு முறை எடுத்தார். பிறகு சிரித்தார்.

இறங்கியிருந்தது!

கொஞ்சம்தான். மாத்திரை தொடர வேண்டும், நடையும் தொடர வேண்டும். விறைத்த குழாய் திரும்பவும் இளசாகிவிடும் என்று கனவு காணாதீர்கள் என்றும் சொன்னார். இருக்கட்டுமே! என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் சென்டம் எடுத்தபோதுகூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததில்லை. இந்த வயதில், இந்தக் கையால் சம்பாதித்த மார்க் அல்லவா?

இவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜை மேல் நீட்டினார்.

"எனக்கும் பாருங்கம்மா. நானும் தூக்கலாமான்னு சொல்லுங்க."

மூட்டை என்ற சொல்லுக்கே நடுங்குகிற மனுஷர்! எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது ஒரே ஒரு கவலைதான். தூக்கும்போது பேச வேண்டுமாமே... நான் பக்கத்தில் இருக்கையில் இவர் எந்தக் காலத்தில் பேசியிருக்கிறார்?