வெப்புப் பல்லு

டிங்...

எவர்சில்வர் டம்ளரில் பல் விழும் சத்தம் அது. ஹோட்டல் வேலை முடிந்து வந்ததும் அப்பா முதலில் காலைக் கழுவுவார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, முன்பல் மூன்றையும் செட்டாகக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது ஏன் இந்த ஞாபகம் என்றால்... திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பல்லையும் சிரிப்பையும் பற்றி ஃபன் ஃபேக்ட்ஸ். உடம்பிலேயே கெட்டியானது எலும்பு இல்லையாம், பல்லின் மேலிருக்கும் எனாமலாம். எலும்பு உடைந்தால் கூடிவிடும், பல் உடைந்தால் தானாகக் கூடாதாம். கைரேகை மாதிரி பல்வரிசையும் ஆளுக்கு ஆள் வேறாம். ஒருவர் சிரித்தால் பார்க்கிறவருக்கும் தொற்றிக்கொள்ளுமாம்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கப் படித்தேன். அப்புறம் தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் திருவனந்தபுரம் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. தம்பானூர் பக்கம் ஒரு ஹோட்டலில் அப்பாவுக்குச் சமையல் வேலை. ஒருநாள் அடுக்களையில் வழுக்கி விழுந்து, அண்டா விளிம்பில் வாய் இடித்து, முன்பல் மூன்றும் போய்விட்டது. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும்.

பல் கட்டப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அவருக்கு மலையாளம் அரைகுறை. நான் மூன்றாம் வகுப்பு, மலையாளம் மீடியம். வீட்டில் நான்தான் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பு... எனக்கு அந்தத் தலைக்கனம் நிறையவே இருந்தது.

பல்லைப் பொருத்திவிட்டு டாக்டர் சொன்னார்: "இது வெப்புப் பல்லாணு கேட்டோ. வீட்டில் கிடக்கும்போ ஊரி வெள்ளத்தில் இடணும்."

மலையாளத்தில் வெப்புப் பல் என்றால் செயற்கையாகச் செய்து வைத்த பல். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த வெப்பு சமையல்தான். ஹோட்டலில் அப்பாவை வெப்புக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கிடக்கும்போ என்று டாக்டர் சொன்னது, படுத்துத் தூங்கும்போது. நம் ஊர்த் தமிழில் வீட்டில் கிடப்பது என்றால் வீட்டில் இருப்பதுதானே...

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "அப்பா, இது சமையக்காரங்க பல்லாம். வேலைக்குப் போகும்போ போட்டுக்கிடணுமாம். வீட்டுல கிடக்கும்போ கழத்தி தண்ணியில போட்டு வைக்கணுமாம்."

அப்பா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். வரும் வழியெல்லாம் தெரிந்தவர்களை நிறுத்திச் சொன்னார்: "எம் மவ டாக்டருகிட்டயே மலையாளத்துல பேசுனாளாக்கும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பல் ஹோட்டலுக்கு மட்டும்.

ஒரு லீவு நாளில் ஏதோ சொல்ல அங்கே போனேன். அடுக்களை வாசலில் நின்று பார்த்தால், ஒரு ஆள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பல் அத்தனையும் தெரிய, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அது அப்பாதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

ஐந்தாம் வகுப்பில் குட்டு உடைந்தது. கூடப் படித்த பிந்து தன் மாமாவுக்கு வெப்புப் பல் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் பஸ் டிரைவர் ஆச்சே, அவருக்கு எதற்குச் சமையல்காரர் பல் என்று கேட்டேன். பிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ராத்திரி கிடக்கும்போது மட்டும்தான் கழற்றுவாராம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எம் மவ, எம் மவ என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்ல? அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டேன். வருஷம் ஆக ஆக, சொல்வது இன்னும் பெரிய பாவமாகத் தோன்றியது. வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது... டம்ளரில் டிங் சத்தம் மட்டும் நிற்கவில்லை. என் கல்யாண ஃபோட்டோவில்கூட அப்பா வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறார். கோழை நான். வேறு பெயர் இல்லை.

போன வருஷம் ஒரு காலையில், வீட்டிலேயே, டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கூடத்தில் கிடத்தியிருந்தோம். வாய் உள்வாங்கி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அலமாரியில் இருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, பல் வைக்க வேண்டாமா என்று கேட்டார்.

அம்மா அழுகைக்கு நடுவே தலையை ஆட்டினாள். "வேண்டாம். வீட்டுல கிடக்கும்போ போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்லா."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "டாக்டர் அப்படிச் சொல்லலம்மா... நாந்தான் தப்பாச் சொன்னேன்."

அம்மா என்னையே பார்த்தாள். எழுந்துபோய் டம்ளரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

நானே வைத்தேன். முகம் பழையபடி ஆனது. இப்போது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்வார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அப்பாவின் அந்த ஹோட்டல் சிரிப்பைப் பிடித்துவைக்க அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு கேமரா கிடையாது. இன்றைக்கு என் மகளின் சிரிப்பு மட்டும் என் ஃபோனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நேற்று அவளுக்கு முன்பல் விழுந்தது. ஃபோட்டோ எடுக்கப் போனேன்... வெட்கத்தில் கையை வாய்க்குக் கொண்டுபோனாள், அச்சு அசல் அவள் தாத்தா மாதிரி. பட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிரி மோளே," என்றேன்.

சிரி... தமிழிலும் அதுதான், மலையாளத்திலும் அதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தப்பாகச் சொல்ல முடியாத வார்த்தை. அதை ஒருநாள்கூட நான் அப்பாவிடம் சொன்னதில்லை.