மாலை ஆறு நாற்பதுக்குத் திரும்பிய பக்கம்

என் தோழி இறந்து மூன்று மாதம் கழித்து, அவள் செய்த பக்கம் ஒன்று திரும்பி வர ஆரம்பித்தது.

குஷாய்குடாவில் உள்ள ஒரு பள்ளியின் இணையதளம் அது. நானும் அவளும் ஒரே தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து, ஒரே ஆண்டில் விருப்ப ஓய்வு பெற்றவர்கள். அதன்பின் வீட்டிலிருந்தபடியே பள்ளிகளுக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் இணையதள டெம்ப்ளேட் செய்து கொடுத்தோம். டெம்ப்ளேட் என்றால் பக்கத்தின் சட்டகம். தலைப்பு எங்கே, மெனு எங்கே, எந்த நிறம், அடியில் என்ன வரி என்பதெல்லாம் அதில் இருக்கும். செய்தியையும் படத்தையும் பள்ளிக்காரர்கள் போட்டுக்கொள்வார்கள். சட்டகத்தில் அவர்கள் கை வைக்க முடியாது.

இணையதள மென்பொருளுக்குள்ளேயே டெம்ப்ளேட்டைத் திருத்த ஒரு பெட்டி உண்டு. தபால் அட்டை அளவு. அதில் வேலை செய்ய அவளுக்குப் பிடிக்காது. "ஜன்னல் கம்பி வழியா கைய விட்டுக் கோலம் போடற மாதிரி இருக்குடீ" என்பாள். ஆகவே இருவரும் அவரவர் கணினியில் தனி எடிட்டர் வைத்துக்கொண்டோம். கோப்பை அதில் திறந்து, திருத்தி, சேமித்தால் போதும். எடிட்டரே அதைச் சர்வருக்கு அனுப்பி, அங்கிருக்கும் கோப்பின் மேல் எழுதிவிடும். ஒரே நகரம்தான், ஆனால் அவள் வீடு லோத்குண்டாவில், என் வீடு தார்நாகாவில். யார் எந்தக் கோப்பில் இருக்கிறோம் என்று போனில் சொல்லிக்கொள்வோம். சர்வருக்குள் நுழைய இருவருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அது தவறு என்று இரண்டு முறை சொன்னேன். "நமக்குள்ள என்னடீ பூட்டு? டைரி எழுதற பொம்பளைக்கு எல்லாத்துக்கும் தனித் தனிப் பெட்டி வேணும்" என்று சிரித்தாள்.

பள்ளியின் சேர்க்கைப் பக்கத்தில் அலுவலக நேரம் 'சனிக்கிழமை ஒரு மணி வரை' என்று இருந்தது. பள்ளி எழுத்தர் அதை அடிக்கடி தப்பாக மாற்றுகிறார் என்று, அந்த வரியை அவள் சட்டகத்திலேயே பதித்துவைத்திருந்தாள். இந்த வருடம் பள்ளி சனிக்கிழமை அலுவலகத்தை நிறுத்திவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை அந்த வரியை மாற்றினேன். தலைப்பின் வெளிர்நீலத்தைப் பள்ளி கேட்ட பச்சை ஆக்கினேன். கோப்புக்குள் எனக்காக அவள் எழுதிவைத்திருந்த குறிப்பு ஒன்று இருந்தது. 'இங்கே கை வைக்காதே. வைத்தால் மெனு ஓடிவிடும். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.' மெனு இப்போதெல்லாம் ஓடுவதில்லை. குறிப்பையும் அழித்தேன். டைரியில் '10.20, சனி வரி, நிறம், குறிப்பு நீக்கம்' என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கம் வெளிர்நீலமாக இருந்தது. சனிக்கிழமை ஒரு மணி வரை என்றது. கோப்பைத் திறந்தேன். இங்கே கை வைக்காதே.

முதலில் என்னையே சந்தேகித்தேன். சேமிக்காமல் எழுந்துவிட்டேனோ என்று டைரியைப் பார்த்தேன், செய்ததாக இருந்தது. மறுபடி மாற்றினேன். இந்த முறை பிரவுசர் சேமித்துவைத்திருந்த பழைய பக்கத்தைத் துடைத்துவிட்டு, போனிலும் திறந்து, பச்சை வந்ததை உறுதி செய்துகொண்டேன். புதன்கிழமை காலை மீண்டும் நீலம். அன்று மதியம் முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நினைவு தவறுவதைப் பற்றி எங்கோ படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

வியாழக்கிழமைதான் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். யார், எப்போது, எந்தக் கோப்பை மாற்றினார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். முந்தைய மாலை 6.40, மூன்று கோப்புகள். மாற்றியவர் இடத்தில் எங்கள் பொதுப்பெயர். அதாவது பதிவேட்டின்படி அதைச் செய்தது நான். அந்த நேரத்தில் நான் நடைப்பயிற்சியில் இருந்தேன். அடுத்த கட்டத்தில், அனுப்பிய இணைப்பின் எண் இருந்தது. அது என் வீட்டு எண் அல்ல. பின்னோக்கிப் போனேன். செவ்வாய் 6.41. திங்கள் 6.40. போன மாதம் முழுவதும் அதே எண், ஏறக்குறைய அதே நேரம். போன வருடமும் அப்படியே. அவள் தினமும் வேலையை முடிக்கும் நேரம் அது.

நடுவில் பதினாறு நாள் மட்டும் இல்லை. அவள் இறந்த நாளிலிருந்து பதினாறு நாள்.

அதன் பிறகு தினமும் வந்திருக்கிறது. அந்தக் கோப்புகளில் நான் எதையும் மாற்றாததால், பழையதன் மேல் பழையதே எழுதப்பட்டு, யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

லோத்குண்டா வீட்டில் இப்போது இருப்பது அவள் கணவர் மட்டும்தான். ராணுவ வொர்க்‌ஷாப்பில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போன் செய்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அதுவும் வேண்டாம். நான் இரண்டையும் செய்யவில்லை. அன்று மாலை நடக்கப் போகவில்லை. பக்கத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். காலையில் மறுபடி மாற்றியிருந்ததால் 6.39 வரை பச்சை. புதுப்பித்தேன், பச்சை. மீண்டும் புதுப்பித்தேன், நீலம். வீட்டுக்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது போல இருந்தது. வெள்ளிக்கிழமையும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று இரவு அதைத் திருத்தவில்லை. நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் சனிக்கிழமை என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளி எழுத்தர் அழைத்தார். "க்யா மேடம், நாலு ஃபேமிலி கேட்ல நிக்குது, வாட்ச்மேனோட சண்டை. சனிக்கிழமை திறந்திருக்குன்னு உங்க வெப்சைட் சொல்லுதாம். எத்தனை தடவை சொல்றது? கைக்கு இப்படிப் பண்றீங்க?" அவர் தெலுங்குக்காரர், என்னோடு பேசும்போது இந்த ஊர் இந்தி கலந்த தமிழ்தான் வரும்; 'கைக்கு' என்றால் 'ஏன்'. ஒரு தம்பதி லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தார்களாம். திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பிரின்சிபால் வேறு ஆளைப் பார்ப்பார் என்றார். தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு லோத்குண்டா போனேன்.

"வாங்கம்மா. ஒரு போன் அடிச்சிருந்தா பால் வாங்கி வெச்சிருப்பேன். இப்ப வெறும் டீதான்" என்றார். குடித்தோம். ஆறரை தாண்டியதும் எழுந்து சாமி விளக்கை ஏற்றினார். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, அவ வேலைய மூடிட்டு வந்துடறேன்" என்று அவள் மேஜைக்குப் போனார். மடிக்கணினி திறந்திருந்தது. மூன்று கோப்புகள். ஒவ்வொன்றாகத் தொட்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தி, அடியில் 'அனுப்பப்பட்டது' என்ற வரி வரும்வரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தினமும் செய்யறீங்களா அண்ணா?"

"ஹவ், ஆமா. விளக்கேத்தப் போறப்ப, 'அதை சேவ் பண்ணி மூடுங்க'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தானே போவா. காலையில திறந்து வெச்சிடுவேன், சாயந்தரம் மூடிடுவேன். ஷிப்ட் முடிஞ்சு மெஷினை அப்படியே விட்டுட்டு வந்து எனக்குப் பழக்கமில்ல."

மூடும் முன் நான் விஷயத்தைச் சொன்னேன். எடிட்டர் எப்படி அனுப்புகிறது, பள்ளிப் பக்கம் எப்படிப் பழையபடி ஆகிறது, இன்று வாசலில் யார் நின்றார்கள் என்று எல்லாவற்றையும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குழந்தையோட வந்தவங்க என்னாலயா திரும்பிப் போனாங்க?"

"உங்களுக்குத் தெரியாதே அண்ணா."

"தெரியலன்னா? அளவு பாக்காம பாகத்தை வெளிய விட்டவனுக்கெல்லாம் மெமோ குடுத்த ஆளும்மா நான்."

அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றேன். "நேத்து ராத்திரி சரி பண்ணியிருக்கலாம். பண்ணல."

"ஏம்மா?"

"ஆறு நாற்பதுக்கு நானும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "நான் அனுப்பினது எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"காலையில நான் மாத்தற வரைக்கும்."

"அப்போ ராத்திரி பூரா அவளோடதுதான் இருந்திருக்கு."

"ஆமா."

சர்வரில் வேறு ஓர் இடத்தில் அவள் செய்ததை அப்படியே வைத்துத் தருகிறேன், தினமும் அங்கே அனுப்பலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றேன். வரும் வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த ஏற்பாடு அது.

"அங்க யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க."

"நக்கோம்மா, வேண்டாம். அது பொம்மை வேலை. அவ அதெல்லாம் பண்ணினதில்ல." நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "எங்க நிறுத்தணும், காட்டுங்க. நானே பண்றேன்."

எடிட்டரின் அமைப்பில் சர்வர் இணைப்புக்கான இடத்தைக் காட்டினேன். டிக் குறியை எடுத்தார். பிறகு சரிபார்க்கிறவர் போல ஒரு கோப்பைச் சேமித்தார். அடியில் எந்த வரியும் வரவில்லை. இருவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். விட்டால் இன்னும் நின்றிருப்போம். "பஸ்சுக்கு நேரமாச்சு உங்களுக்கு" என்று அவர்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கடவுச்சொல்லை மாற்றினேன். பக்கத்தைப் பச்சை ஆக்கினேன். எழுத்தருக்கு, தவறு என்னுடையது, கோளாறு இல்லை என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, நடைக்குத் தாமதமாகக் கிளம்பி வாசல் வரை போனபோது போன் ஒலித்தது. அவள் கணவர்.

"பள்ளிக்கூடப் பக்கம் எப்படியிருக்கு?"

திரும்பி வந்து பார்த்தேன். "மாறல அண்ணா. சரியா இருக்கு."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. அப்போ மூடிடறேன்" என்றார்.