மூன்றாம் படியில் நின்ற மல்லாரி

சப்பரம் தூக்குவதற்கும் சிப்பாய் நடைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டவன் நான்தான். ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவனுக்கு அந்தத் திமிர்கூட இல்லாமல் இருக்குமா?

எங்கள் தெரு முருகன் புறப்பாட்டன்று மேளக்காரர்கள் வந்து சேரவில்லை. குற்றாலத்தில் சீசன், அருவிக்கு வந்த வண்டிகளுக்கு நடுவே அவர்கள் வேன் மாட்டிக்கொண்டது. நாகஸ்வரமும் தவிலும் மல்லாரி வாசிக்காமல் சாமி வாசல் தாண்டாது. எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். நல்ல நேரம் முடியப் போகிறதென்று அர்ச்சகர் துடித்தார். என் செல்போனில் ஒரு மல்லாரியைத் தேடி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தூக்குங்கய்யா, நான் பாத்துக்கிடுதேன்."

சப்பரத்தைத் தோளில் தாங்கும் முன் தண்டில் என் பக்கத்தில் மச்சினன். போலீஸ்காரன். முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான். வரமாட்டேன் என்றவனைக் கேலி பேசியே இழுத்து வந்திருந்தேன்.

சாரலில் கோயில் படி நனைந்து கிடந்தது. இரண்டு படி இறங்கிவிட்டோம். மூன்றாவதில் கால் வைத்ததும் மல்லாரி நின்றது. ஸ்பீக்கரில் என் ரிங்டோன் அலறியது.

மல்லாரி நின்றால் சப்பரமும் நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே எங்கள் கால்களுக்கு அதுதான் பழக்கம். பதினாறு பேரும் அப்படியே நின்றார்கள். பின்தண்டு மேல்படியில் இருந்ததால் பாரம் முழுக்க எங்கள் தோளுக்குச் சரிந்தது.

"அத்தான், முட்டு தாங்காது" என்றான் மச்சினன். அவன் நடுங்குவது தண்டு வழியாகவே எனக்குத் தெரிந்தது. அவன் விழுந்தால் தண்டு அவன் மேல்தான் விழும்.

"லெஃப்ட்! ரைட்!" என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. கொடுமை என்னவென்றால், என் காலும் அசையவில்லை.

அடுத்து என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"தீம்... தக தீம்... தரிகிட தீம்..."

எங்கள் தவில்காரர் வாசிக்கிற அதே போக்கு. பின்தண்டில் யாரோ சேர்ந்துகொண்டார்கள், பிறகு எல்லோரும். கால்கள் நகர்ந்தன. தெருவில் இறங்கி, கட்டைகளின் மேல் சப்பரத்தை வைத்தோம். மச்சினன் முட்டைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன் மறுபடி அடித்தது. நாகஸ்வரக்காரர்.

"அண்ணாச்சி, பக்கத்துல வந்துட்டோம். நாங்க வராம சாமியத் தூக்கிராதீங்க."

"தூக்கிட்டோம்" என்றேன்.

மச்சினன் என்னையே பார்த்தான். "அவங்க வரட்டும் அத்தான். அதுவரைக்கும் இங்கனயே நிப்போம்."

நல்ல நேரம் முடிந்தது. அர்ச்சகர்கூட எங்களோடு வந்து நின்றார். சாரலில் நனைந்தபடி நானும் காத்து நின்றேன்.